திருகோணமலையில் வீட்டு முருகைத் தொட்டி: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

நிலாவெளியிலிருந்து படகேறிப் புறாத்தீவுக்குச் சென்று, ஆழங்குறைந்த நீரில் முருகைகளைப் பார்த்துத் திரும்புபவர்களுள் சிலருக்கேனும் அத்தகையதொரு தோட்டத்தை வீட்டு மீன்தொட்டியில் அமைக்கும் ஆசை எழுவது இயல்பே. அது நிறைவேறக்கூடிய ஆசைதான். எனினும், கடல் பக்கத்திலேயே இருப்பதால் திருகோணமலையில் இது எளிதாக இருக்கும் என்று எண்ணித் தொடங்குவோர் விரைவிலேயே சிரமப்படுவர். அறை மூலையில் இருக்கும் 200 லீற்றர் நீர், கடலைப் போலத் தன் வெப்பத்தையும் உப்பையும் தானே நிலையாக வைத்துக்கொள்ளாது; அந்தப் பொறுப்பு முழுவதும் வீட்டாரைச் சேர்ந்தது. கீழே சொல்லப்படும் படிகள் யாவும் அந்த நிலைத்தன்மையைப் பேணுவதற்கானவை.

முருகை ஒரு விலங்கு. அது தன் இழையங்களுக்குள் நுண்பாசிகளை வைத்திருந்து, அவை ஒளித்தொகுப்பினால் ஆக்கும் உணவின் பெரும்பகுதியைப் பெற்று வாழ்கிறது. நீர் வழமைக்கு மேல் சூடானால் இந்த உறவு முறிகிறது, பாசிகள் வெளியேறுகின்றன, நிறமிழந்த இழையத்தினூடே வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. இதையே வெளிறல் என்கிறோம். ஓரிடத்தின் கோடை உச்ச வெப்பநிலையை விட 1 பாகை மட்டும் கூடி, அது 4 வாரங்கள் நீடித்தாலே கடலில் குறிப்பிடத்தக்க வெளிறலை எதிர்பார்க்கலாம் என்பது ஆய்வாளர்கள் கைக்கொள்ளும் அளவுகோல். 1998இல் இலங்கையின் ஆழங்குறைந்த முருகைப் பார்களிற் பெரும்பாலானவை இவ்வாறு வெளிறி அழிந்தபோது, திருகோணமலைப் பகுதிப் பார்கள் பெருமளவு தப்பின. அவ்வளவு பெரிய கடலிலேயே ஒரு பாகை இத்தனை செய்யுமென்றால், கண்ணாடித் தொட்டியில் கச்சான் காற்று வீசும் ஒரு நண்பகலில் 3 பாகை ஏறுவது எதைச் செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

முதற்படி: எங்கிருந்து பெறுவது

பணம் செலவழிப்பதற்கு முன் தீர்க்க வேண்டிய விடயம் இதுவே. கடலிலிருந்து உயிருள்ள முருகையையோ, அது படர்ந்த கல்லையோ எடுத்து வரக்கூடாது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் முருகைகளுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட புறாத்தீவிலிருந்து இறந்து கரையொதுங்கிய துண்டைக்கூட எடுத்துவர அனுமதியில்லை. கல்முருகைகள் அனைத்தும் அழிந்துவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருப்பதால், வெளிநாட்டிலிருந்து வருபவற்றுக்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும். ஆகவே வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்திலும் கடற்றொழில் திணைக்கள அலுவலகத்திலும் நேரில் விசாரித்து, எந்த இனத்தை எந்தப் பத்திரத்துடன் வைத்திருக்கலாம் என்பதை அறிந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லுங்கள். பத்திரம் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

இனத் தெரிவிலும் நிதானம் வேண்டும். புறாத்தீவில் கண்ணைக் கவரும் மான்கொம்பு முருகைகளே தொட்டியில் வளர்ப்பதற்கு மிகக் கடினமானவை. நீரின் வேதித்தன்மையில் ஏற்படும் சிறு தளம்பலுக்கும் அவை நுனியிலிருந்தோ அடியிலிருந்தோ உரியத் தொடங்கிவிடும். முதல் ஒரு வருடத்துக்கு, தொட்டியிலேயே வெட்டிப் பெருக்கப்பட்ட மென்முருகைகளும் அவற்றை ஒத்தவைகளுமே போதும் என்பது என் உறுதியான கருத்து. காளான் முருகை, தோல் முருகை, பொத்தான்கள் போல் விரியும் சோவாந்திட்டுகள் ஆகிய மூன்றும் தொடக்கநிலைத் தவறுகளை ஓரளவு பொறுக்கும். அவற்றுள் சோவாந்திட்டுகளைக் கையாளும்போது ஓர் எச்சரிக்கையை மறக்கக்கூடாது: அவற்றிலும் அவற்றின் உறவினங்களிலும் பலிரொட்சின் என்னும் கொடிய நச்சு இருக்கலாம். கையுறையும் கண்ணாடியும் அணியாமல் அவற்றை வெட்டவோ தேய்க்கவோ கூடாது. அவை படர்ந்த கல்லைச் சுத்தம் செய்வதற்காகக் கொதிநீரில் போடவே கூடாது. எழும் ஆவியைச் சுவாசித்து வீட்டில் உள்ள அனைவருமே நோயுற்ற சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன.

இரண்டாம் படி: தொட்டியும் இடமும்

சிறிய தொட்டி செலவு குறைந்தது போலத் தோன்றும்; ஆனால் நீர் குறையக் குறைய எல்லா மாற்றங்களும் விரைவாகின்றன. 150 முதல் 200 லீற்றர் வரை கொள்ளும் தொட்டி புதியவர்களுக்கு ஏற்றது. நீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்து 200 லீற்றர் தொட்டி 250 கிலோகிராமைத் தாண்டும் என்பதால், இரும்புச் சட்டத்திலோ கட்டிய மேடையிலோ வையுங்கள். மேற்குச் சுவரை ஒட்டியோ நேரடி வெயில் விழும் யன்னலருகிலோ வைக்காதீர்கள். தகரக் கூரையுள்ள அறை ஆகாது. மின்வடங்கள் செருகிக்கு மேலிருந்து இறங்காமல், கீழே தொங்கி வளைந்து பின் மேலேறிச் செருகியை அடையுமாறு அமைத்தால் வழியும் உப்புநீர் செருகிக்குள் புகாது. வீட்டில் ட்ரிப் சுவிட்ச் சரியாக வேலை செய்கிறதா என்பதை மின்னியலாளரைக் கொண்டு உறுதிப்படுத்திய பின்னரே நீரை நிரப்புங்கள்.

மூன்றாம் படி: நீர்

திருகோணமலைக்குக் கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்து வரும் குழாய்நீரில் குளோரீன் உண்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றின் நீர் கடினமானது. சிலவற்றில் சவர் கலந்திருக்கும். தோட்டங்களுக்கு அண்மையிலுள்ள கிணறுகளில் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்றும் சேரும். இவற்றுள் எதையும் நேரடியாகப் பயன்படுத்தாமல், ஆர்.ஓ. வடிகட்டியும் அதன்பின் அயன்நீக்கப் பிசினும் பொருத்திய கருவியினூடாகச் செலுத்தி, கரைந்த திண்மங்களை அளக்கும் மானியில் 0 காட்டும் நீரை மட்டும் பயன்படுத்துங்கள். அந்த நீரில் முருகைத் தொட்டிக்கென விற்கப்படும் உப்பை, லீற்றருக்கு ஏறக்குறைய 35 முதல் 38 கிராம் வரை கரைத்து, ஒரு நாள் கலங்கவிட்டு, உவர்த்தன்மை ஆயிரத்துக்கு 35 பங்கு என வந்ததும் தொட்டியில் சேர்க்கலாம். உவர்த்தன்மையை அளக்கும் முறிவுமானியை வெறும் நீரில் சரிபார்ப்பது போதாது; 35 பங்கு என்று குறித்து விற்கப்படும் நியமக் கரைசலில் மாதத்துக்கு ஒருமுறையேனும் சரிபார்க்க வேண்டும்.

கடல்நீரையே அள்ளி வந்தால் என்ன என்ற கேள்வியை இவ்வூரில் எல்லோருமே கேட்பார்கள். முடியும், ஆனால் இடமும் காலமும் பார்க்க வேண்டும். உட்துறைமுகத்து நீரில் கப்பல் எண்ணெய் கலந்திருக்கலாம். கொட்டியாரக்குடாவில் மகாவலி வந்து விழுவதால் நன்னீரும் வண்டலும் சேர்கின்றன. வாடைக்காற்றுக் காலத்து மழையும், வங்காள விரிகுடாவின் வடக்கிலிருந்து கரையோரமாக இறங்கிவரும் உப்புக் குறைந்த நீரோட்டமும் கிழக்குக் கரையெங்கும் உவர்த்தன்மையைக் குறைக்கின்றன. கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில், மழையற்ற சில நாட்களுக்குப் பின், பூங்கா எல்லைக்கு வெளியே, ஆற்று வாய்களுக்குத் தொலைவில் அள்ளிய நீரை நுண்துணியில் வடித்து, மூடிய கொள்கலத்தில் இருளில் காற்றுக் குமிழிகளுடன் இரு வாரங்கள் வைத்திருந்து, உவர்த்தன்மையை அளந்து பயன்படுத்தலாம். ஆயினும் முதல் வருடத்தில் கலக்கும் உப்பையே நான் பரிந்துரைப்பேன். ஏதேனும் பிழைத்தால், அதற்கு நீர் காரணமா, அல்லது வேறொன்றா என்ற ஐயம் அப்போது எழாது.

ஆவியாதல் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. நீர் ஆவியாகும்; உப்பு தங்கிவிடும். 200 லீற்றர் தொட்டியிலிருந்து ஒரு நாளில் 4 லீற்றர் போனால் உவர்த்தன்மை 35இலிருந்து 35.7க்கு ஏறும், மூன்று நாட்கள் கவனியாது விட்டால் 37ஐத் தாண்டிவிடும். குறைந்ததை ஈடுசெய்ய நன்னீரைத்தான், அதாவது வடிகட்டிய வெறும் நீரைத்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் ஒரு கோடு கீறி, நாள்தோறும் காலையில் அந்தக் கோடு வரை நிரப்பும் பழக்கமே போதுமானது. வசதியுள்ளோர் மிதவையுடன் கூடிய தானியங்கி நிரப்பியை வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: காத்திருத்தல்

கடலிலிருந்து எடுக்காத உலர் கற்களை அடுக்கி, நீரோட்டத்தை இயக்கி, புட்டியில் விற்கப்படும் பக்ரீரியாவையும் சிறிதளவு அமோனியாவையும் சேர்த்துவிட்டு, 4 முதல் 6 வாரங்கள் வரை தொட்டியை வெறுமனே விடுங்கள். ஒரு வகை பக்ரீரியா அமோனியாவை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகிறது. சேர்த்த அமோனியா ஒரே நாளில் 0க்கு இறங்கி, நைத்திரைற்றும் 0 ஆன பின்னரே உயிர்களுக்கு அத்தொட்டி தயார். அதன்பின் சில மாதங்களுக்கு மண்ணிறப் படலமும் பச்சைப் பாசியும் மாறி மாறி வரும். புதிய தொட்டிக்கு அது இயல்பு. அதற்காக மருந்து ஊற்ற வேண்டாம்.

ஐந்தாம் படி: வெப்பம்

திருகோணமலையில் முருகைத் தொட்டியின் தலைவிதியை நிர்ணயிப்பது இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மே முதல் ஓகஸ்ட் வரை பகல் வெப்பம் 35 பாகையை எட்டுவது இங்கு வழமை. பம்பிகளும் விளக்கும் தரும் வெப்பம் இதனுடன் சேரும். குளிர்நாடுகளில் எழுதப்படும் வழிகாட்டிகள் 25 பாகை என்று கூறுவதைப் பின்பற்றி இங்கு போராட வேண்டியதில்லை. 26 முதல் 27 பாகை வரை வைத்து, ஒரு நாளுக்குள் 1 பாகைக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொண்டால் முருகைகள் நலமாக இருக்கும். 29ஐத் தாண்டி நாட்கணக்கில் நிற்க விடக்கூடாது.

மலிவான வழி மின்விசிறி. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சாய்வாகக் காற்று படுமாறு சிறு விசிறியைப் பொருத்தினால் ஆவியாதல் கூடி நீர் குளிரும். ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது கொண்டுபோகும் வெப்பம், 200 லீற்றர் நீரை ஏறக்குறைய 3 பாகை குளிர்விக்கப் போதுமானது. சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பம் மீண்டும் உள்ளே வருவதால் அந்த அளவை நிலைநிறுத்தப் பல லீற்றர்கள் ஆவியாக வேண்டியிருக்கும். உலர்ந்த கச்சான் காற்று வீசும் நாட்களில் விசிறி நன்றாக வேலை செய்யும். மழைக்காலத்தில் காற்று ஈரமாக இருப்பதால் அதன் பயன் குறையும். ஆனால் அப்போது வெப்பமும் அவ்வளவாக இராது. தொட்டியைக் கண்ணாடி மூடியால் மூடாமல் வலை மூடி போடுங்கள். மூடி இருக்கும்வரை விசிறியால் பயனில்லை. விசிறி போதாத வீட்டில் நீர் குளிரூட்டியே தீர்வு. அது நீரிலிருந்து உறிஞ்சிய வெப்பத்தைத் தான் நிற்கும் அறைக்குள்ளேயே வெளியிடும் என்பதால், காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்துக் குழாய் மூலம் இணையுங்கள். உறைபனிக் கட்டிகளை நேரடியாகத் தொட்டியில் போடுவது உப்பையும் வெப்பத்தையும் ஒரே நேரத்தில் குலைக்கும். அவசரத்துக்கு வேண்டுமானால், மூடி இறுகிய போத்தலில் நீரை உறையவைத்து மிதக்கவிடலாம்.

வெப்பத்துடன் சேர்ந்தது மின்வெட்டு. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்தது. அந்த நிலை மீண்டும் வராதெனக் கொண்டாலும், வாடைக்காற்றில் மரம் முறிந்து கம்பி அறுந்தால் சில மணித்தியாலங்கள் இருளில் இருப்பது கிழக்கில் புதிதல்ல. நீரோட்டம் நின்றால் முதலில் குறைவது ஒட்சிசன். இரவில் ஒளித்தொகுப்பு இல்லாததால் அது இன்னும் விரைவாகக் குறையும். நீர் சூடாக இருந்தால் கரைந்திருக்கும் ஒட்சிசனே குறைவு. ஆகவே மின்கலத்தில் இயங்கி, மின்சாரம் நின்றதும் தானே தொடங்கும் காற்றுப் பம்பி ஒன்றை, முருகை வாங்கும் முன்பே வாங்கி வையுங்கள். மூடிய புட்டி வடிகட்டி பயன்படுத்துவோர், சில மணித்தியாலங்களுக்கு மேல் மின்சாரம் இல்லாதிருந்தால், அதனுள் தேங்கிக் கெட்ட நீரைக் கொட்டிக் கழுவிய பின்னரே மீண்டும் இயக்க வேண்டும். இல்லையேல் இறந்த பக்ரீரியாவும் அமோனியாவும் ஒருமிக்கத் தொட்டிக்குள் வரும்.

ஆறாம் படி: ஒளியும் ஓட்டமும்

முருகைக்கென விற்கப்படும் நீல ஒளி மிகுந்த எல்.ஈ.டி. விளக்கு வேண்டும். ஒளித்தொகுப்புக்குப் பயன்படும் ஒளியின் அளவான ‘பார்’, மென்முருகைக்கு 50 முதல் 100 வரை இருந்தால் போதும். மான்கொம்பு வகைகள் 250க்கு மேல் கேட்கும். நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் வரை, நேரக்கட்டுப்பாட்டுக் கருவியின் உதவியுடன், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எரிய விடுங்கள். இங்கு நண்பகலைத் தவிர்த்து மாலை 3 மணியளவில் விளக்கைத் தொடங்கி இரவு 11 மணிக்குள் அணைப்பது, விளக்கின் வெப்பமும் வெயிலின் வெப்பமும் ஒன்றுசேராமல் தடுக்கும். நீரோட்டத்தைப் பொறுத்தவரை, அலை உண்டாக்கும் இரு பம்பிகளை எதிரெதிராக வைத்து, முருகையின் பொலிப்புகள் (பூப்போல் விரியும் அதன் சிறு உடல்கள்) ஒரே பக்கமாகச் சாய்ந்து நில்லாமல் முன்னும் பின்னும் அசையுமாறு அமைத்தால் சரி.

ஏழாம் படி: முருகையைச் சேர்த்தல்

வந்த பையைப் பிரிக்காமல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, பின் தொட்டி நீரை மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டு உப்பைச் சமப்படுத்துங்கள். அடுத்து, முருகைக்கென விற்கப்படும் அயடின் கழுவுநீரில் அதன் புட்டியில் குறித்துள்ள நேரம் மட்டும் நனைத்து, பூச்சிகளும் முட்டைத் தொகுதிகளும் உள்ளனவா என்று கல்லின் அடிப்புறத்தைக் கண்ணருகில் வைத்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில், கண்ணாடி போன்ற நீண்ட கைகளுடன் ஒரு சிறு கடற்சாமந்தி ஒட்டியிருந்தால் அது ஐப்ராசியா. அதை நசுக்கினால் ஒவ்வொரு துணுக்கும் புதிதாக முளைக்கும். அது ஒட்டியிருக்கும் கற்பகுதியையே வெட்டி எறிவது மேல். பையிலிருந்த நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். புதிய முருகையை முதலில் அடித்தளத்தில் வைத்து, இரு வாரங்களில் படிப்படியாக மேலே உயர்த்துங்கள். ஒரே நாளில் பல முருகைகளைச் சேர்ப்பதை விட, ஒன்றைச் சேர்த்து அது முழுமையாக விரிவதைப் பார்த்த பின் அடுத்ததைச் சேர்ப்பதே நல்லது.

எட்டாம் படி: அளவிடுதலும் ஈடுசெய்தலும்

முருகை தன் கூட்டைக் கட்ட நீரிலிருந்து கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்துக்கொள்கிறது. காபனேற்று இருப்பைக் காட்டும் காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) வரையும், கல்சியம் மில்லியனுக்கு 400 முதல் 450 பங்கு வரையும், மகனீசியம் 1250 முதல் 1350 வரையும், நைத்திரேற்று 2 முதல் 10 வரையும், பொசுபேற்று 0.03 முதல் 0.1 வரையும் இருக்கட்டும். நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் முற்றாக 0 ஆக்க முயல்வது தவறு. உணவற்ற நீரில் முருகைகள் நிறம் மங்கி மெலியும். இவை அனைத்திலும் காரத்தன்மையே விரைவாக மாறுவது என்பதால், நேரம் குறைந்தவர்கள் அதை மட்டுமேனும் வாரந்தோறும் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் அளந்து குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். 7.5ஆக இருப்பதை ஒரே நாளில் 9ஆக உயர்த்துவது, 7.5இலேயே விடுவதை விடக் கேடு தரும். நாளொன்றுக்கு 0.5க்கு மேல் உயர்த்தாதீர்கள். மென்முருகைகள் மட்டும் உள்ள தொட்டியில் வாரந்தோறும் 10 சதவீத நீரை மாற்றுவதே பெரும்பாலும் போதுமானது.

அதையும் மீறிக் காரத்தன்மை குறைந்தால் தூய அப்பச்சோடா உதவும்: 200 லீற்றர் நீரில் 1 டி.கே.எச். உயர்த்த ஏறக்குறைய 6 கிராம் வேண்டும். அதை இரண்டாகப் பிரித்து, வடிகட்டிய நீரில் முழுமையாகக் கரைத்து, இரு நாட்களில் ஓட்டமுள்ள இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் இதற்கு ஆகாது. அதில் வேறு சேர்மானங்கள் உள்ளன. சுண்ணாம்பு நீரைச் சொட்டவிடும் முறையும் உண்டு. ஆனால் வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பில் என்னென்ன கலந்திருக்கும் என்று தெரியாததால் அதைத் தொட வேண்டாம்.

அளவுகள் சொல்லாததை முருகையே சொல்லும். நாள்தோறும் விளக்கு எரிந்து ஒரு மணித்தியாலத்தின் பின், ஐந்து நிமிடம் தொட்டி முன் அமருங்கள். தோல் முருகை பொலிப்புகளை உள்ளிழுத்து, வழுவழுப்பாகி, மெழுகு பூசியது போல் பளபளத்துச் சில நாட்கள் நின்றால் பயப்படாதீர்கள். அது தன் மேற்தோலை உரிக்கிறது. மெல்லிய படலம் ஓரத்திலிருந்து கிழிந்து நீரோட்டத்தில் அசையத் தொடங்கியதும் ஓட்டத்தைச் சற்றுக் கூட்டினால் போதும்; அதன்பின் பொலிப்புகள் மீண்டும் நீளும். சோவாந்திட்டுகள் எல்லாம் ஒருசேர மூடியிருந்தால் முதலில் உவர்த்தன்மையையும் வெப்பத்தையும் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் மூடியிருந்தால், நத்தையோ அயல் முருகையோ தொந்தரவு செய்கிறதா என்று பாருங்கள். காளான் முருகை தண்டு நீண்டு ஒளியை நோக்கி எழும்பினால் ஒளி போதவில்லை. சுருங்கி வெளிறினால் ஒளி மிகை. இழையம் உருகி நாற்றமெடுக்கும் துண்டை அன்றே வெளியே எடுத்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து வரும் ஆபத்துகளும் உள்ளன. செம்பு கலந்த மீன் மருந்து முருகையையும் நத்தையையும் இறாலையும் கொல்லும். நோயுற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றியே மருந்திடுங்கள். நுளம்புச் சுருளையும் தெளிப்பானையும் அந்த அறையில் பயன்படுத்தாதீர்கள். டெங்குக்காகத் தெருவில் புகை விசிற வரும்போது யன்னல்களைச் சாத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, காற்றுப் பம்பியைப் புகை கலையும்வரை நிறுத்தி வையுங்கள்; அலைப் பம்பிகள் மட்டும் ஓடட்டும்.

தொட்டியைக் கைவிட நேர்ந்தால்

இடமாற்றமோ, செலவோ, வேறு காரணமோ தொட்டியை மூடச் செய்யலாம். அப்போது முருகையையும் மீனையும் கல்லையும் நீரையும் கடலில் விடுவது இரக்கமாகத் தோன்றினாலும் அதைச் செய்யக்கூடாது. வெனிசுவேலாவில் மீன்தொட்டி வணிகத்தின் வழியாக வந்த மென்முருகை ஒன்று மொச்சீமா தேசியப் பூங்காக் கடலில் பரவி, அங்குள்ள முருகைகளையும் கடற்புற்களையும் மூடி வளர்ந்துவிட்டது. எளிதில் சாகாது, வேகமாகப் பரவும் என்று நாம் தொடக்கநிலையில் விரும்பித் தெரிவு செய்யும் அதே இயல்புகள்தாம் கடலில் ஆபத்தாகின்றன. உயிருள்ளவற்றைப் பத்திரங்களுடன் வேறொரு வளர்ப்பவரிடம் ஒப்படையுங்கள். இறந்த துண்டுகளைக் கையுறையுடன் எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள். நீரைக் கடலுக்கோ வாய்க்காலுக்கோ விடாமல், குளோரீன் தூள் கலந்து ஒரு நாள் வைத்துவிட்டு, கிணற்றிலிருந்து தள்ளி, பயிரில்லாத மணலில் ஊற்றுங்கள்.